நல்லசாமியின் கடைசிக் கொத்து

அர்ச்சுனன் பொறுமைசாலிதான், அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் ஒரு வாரமாக மிளகாயைக் கிள்ளிப் போட்டு, புளியைக் கரைத்து ஊற்றி, அதற்குக் குழம்பு என்று பெயரும் வைத்தால் எந்த மனுசன்தான் வாயை மூடிக்கொண்டு இருப்பான்? எட்டாம் நாள் மத்தியானம், ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்துவிட்டு வந்து குளித்துச் சாப்பிட உட்கார்ந்தவன் முதலில் தட்டைப் பார்த்தான். அப்புறம் பெண்டாட்டியைப் பார்த்தான். அதற்கப்புறம் அடுப்படியில் மஞ்சள் துணி போர்த்திக் கிடந்த அம்மியைப் பார்த்தான்.

“ஏ புள்ள, அம்மி என்ன வயசுக்கு வந்திருச்சா? துணியப் போத்தி மூலையில உக்கார வச்சிருக்க?”

பஞ்சாலை சிரிக்கவில்லை. “புடிச்சா சாப்புடு. இல்லாட்டி கோலா சாவாவுக்கு நடந்து போயி கனி ராவுத்தர் கடையில சாப்புட்டு வா.”

கோலா சாவா கடைத்தெருவுக்கு மூன்று கட்டை, மூன்று மைல் நடை. அவன் பெருமூச்சு விட்டுவிட்டுச் சோற்றைப் பிசைந்தான்.

விஷயம் இதுதான். அந்த அம்மியைக் கடைசியாகக் கொத்திவிட்டுப் போனவர் நல்லசாமி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கொத்தினார், திங்கட்கிழமை காலையில் போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மியின்மேல் குழவியை உருட்டினால் கொத்து தேயும். நாலைந்து மாதத்தில் கல் மொழுமொழுவென்று ஆகிவிடும். பின்னே மறுபடி உளி வைக்க யார் இருக்கிறார்கள்? அதனால் பஞ்சாலை அந்த அம்மியில் அரைப்பதில்லை என்று முடிவு கட்டிவிட்டாள். தினம் ஒரு தடவை துணியை விலக்கிப் பார்ப்பாள், தொட்டும் தொடாமலும் விரலை ஓட்டுவாள், மூடி வைத்துவிடுவாள். புருசன் பட்டினி கிடந்தாலும் சரி, அந்தக் கல் அப்படியே இருக்க வேண்டும். உலகத்தில் இவளைப் போல ஒருத்தியை நான் கண்டதில்லை.

ஆனாலும் அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நல்லசாமியைத் தெரிந்தவர்கள் யாரும் சொல்லமாட்டார்கள்.

சேலம் பக்கத்திலிருந்து கப்பலேறி இங்கே வந்த ஆள் அவர். கல்லுவெட்டி. தோட்டத்தில் வாரம் முழுக்கத் துரை சொல்கிற வேலை: வாய்க்காலுக்குக் கல், பங்களாவுக்குப் படி, எல்லைக்கு நடுகிற கல். ஞாயிற்றுக்கிழமை வந்தால் அந்த மனுசன் லயத்து வரிசை வீட்டுப் பெண்களுக்குச் சொந்தம். லிங்கி ஆற்றோரம் கிடக்கிற பாறையில் தட்டித் தட்டிப் பார்த்து, ஒரு கல்லைத் தேர்ந்தெடுத்து, பிளந்து, செதுக்கி, அம்மியாக்கிக் கொண்டுவந்து வாசலில் இறக்குவார். எங்கள் தோட்டத்தில் நாற்பத்திரண்டு வீடு. நாற்பத்தொரு வீட்டில் அவர் அம்மிதான். போன வருசம் ரப்பர் விலை விழுந்து, ஆட்களைக் கப்பல் ஏற்றி ஊருக்கு அனுப்பினார்களே, அப்போது செல்லம்மா என்று ஒருத்தி பானை சட்டியெல்லாம் அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டுக் குழவியை மட்டும் சேலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போனாள். அம்மியைத் தூக்க முடியவில்லையே என்று ரயிலடி வரைக்கும் அழுதாள்.

வருசத்துக்கு இரண்டு முறை வீடு வீடாக வந்து அம்மி கொத்திவிட்டும் போவார். உளியையும் சின்னச் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு குந்தினால் டக்கு டக்கென்று ஒரே தாளம். மீனின் நடுமுள் போல, நடுவில் ஒரு கோடு, இரண்டு பக்கமும் சாய்ந்த வரிகள். கூலி என்று எதையும் கேட்கமாட்டார். வெற்றிலை கொடுத்தால் போட்டுக்கொள்வார். அன்றைக்கு அரைக்கிற முதல் துவையலில் ஒரு உருண்டை கொடுத்தால் முகம் மலர்ந்துபோகும்.

அந்த நாற்பத்திரண்டாவது வீடு பஞ்சாலை வீடு. புதுப் பெண்டாட்டியாக அவளைத் தோட்டத்துக்குக் கூட்டி வந்த அன்றைக்கே அர்ச்சுனன் சிரம்பான் டவுனில் இறங்கி, லோபாக் பக்கத்துக் கடையில் ஒரு அம்மியை வாங்கி மாட்டுவண்டியில் ஏற்றிவிட்டான். மலாய்க்காரர்கள் வீட்டில் வைத்திருப்பார்களே, அந்த மாதிரிக் கல். பெண்டாட்டி வந்ததும் கஷ்டப்படக் கூடாது என்று ஆசையாகத்தான் வாங்கினான். வந்து பார்த்தால் லயத்தில் எல்லோர் வீட்டிலும் நல்லசாமி அம்மி, இவள் வீட்டில் மட்டும் கடைக் கல். பெண்பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? “பஞ்சாலைக்கென்ன, சிரம்பான் அம்மி” என்று இழுத்து இழுத்துப் பேசினார்கள். அவளும் விட்டுக்கொடுக்காமல், “ஆமா, கடைக் கல்லுதான். ஒங்க கல்லவிட லேசா அரையுது, தெரிஞ்சுக்க” என்று பதில் கொடுப்பாள். உள்ளுக்குள் ஏக்கம்தான்.

வெட்கத்தை விட்டு நல்லசாமியிடமே கேட்டாள். “பெரியப்பா, எனக்கும் ஒண்ணு செஞ்சு குடுங்க.”

அவர் குனிந்து அவளுடைய கல்லை விரல் முட்டியால் தட்டினார். “சத்தத்தக் கேட்டியா தாயி, வெண்கலமாட்டம் இருக்கு. எவனோ ஒருத்தன் வெயில்ல குந்தி அடிச்ச கல்லு. அவன் மொகம் எனக்குத் தெரியாது, ஆனா வேலை தெரிஞ்சவன். அவன் கல்ல வெளிய தள்ளிட்டு நான் ஒண்ணக் கொண்டாந்து வைக்கறதா? தப்பு.” அப்புறம் அர்ச்சுனன் பக்கம் கண்ணைக் காட்டினார். “அதுவுமில்லாம ஒரு வீட்டுல ரெண்டு அம்மி, ரெண்டு பொண்டாட்டி கட்டுன மாதிரி. இவன் தாங்குவானா?”

அன்றிலிருந்து ஆறு வருசம், ஒவ்வொரு தடவையும் அவள் கேட்பாள், அவர் இதையேதான் சொல்வார். ஆனால் கொத்தும்போது அவள் கல்லை மற்றவர்கள் கல்லைவிட ஒரு மடங்கு அதிக நேரம் கொத்துவார். அது ஏன் என்று அவளுக்குத் தெரியாது. கடைக் கல் கடினமாக இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டாள்.

போன தடவை சுற்று வந்தபோது ஒரு சண்டை. “எப்பப் பாத்தாலும் எங்க வீட்டுக்குக் கடைசியாத்தான் வர்றீங்க. கடைசி லயத்துக் கடைசி வீடுன்னா நாங்க மனுசங்க இல்லையா?” என்று பஞ்சாலை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். நல்லசாமி சிரித்துக்கொண்டே போய்விட்டார். இந்தத் தடவை, பொங்கலுக்கு முந்தைய சுற்றை நேராக அவள் வீட்டிலிருந்து ஆரம்பித்தார். “போதும்லா, இனிமே கோவிச்சுக்காத” என்றார். கொத்தி முடிக்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. மறுநாள் வேலை முடிந்து வந்து அரிசி போட்டு ஓட்டிக் கல்லைப் பழக்கிக்கொள்ளலாம் என்று அவள் அப்படியே விட்டுவிட்டாள். மறுநாள் காலையில் வாய்க்கால் வேலையில் இருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவன் தண்ணீர் கொண்டுவருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

தோட்டமே அழுதது. துரைகூட வந்து தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார்.

அதற்கப்புறம் ஒரு கூத்து ஆரம்பித்தது. செத்தவர் கைவேலைமேல் எல்லோருக்கும் திடீரென்று ஆசை வந்துவிட்டது. தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணி அமிர்தலிங்கம் அந்தச் சின்னச் சுத்தியலைக் கேட்டு ஆள் அனுப்பினார். ஞாபகத்துக்காம். ஒரு நாள் அவரோடு நின்று நாலு வார்த்தை பேசியிருப்பாரா என்றால் இல்லை. கனி ராவுத்தர், தன் சாப்பாட்டுக் கடைக்கு நல்லசாமி அம்மி ஒன்று கிடைத்தால் கேட்ட விலை தருவதாகச் சொன்னார். பகாவ் பக்கத்திலிருந்துகூட ஒருத்தன் சைக்கிளில் வந்து விசாரித்துவிட்டுப் போனான். “பொணம் போயி மூணு நாளாகல, அதுக்குள்ள இதுங்களுக்கு என்ன ஆசை பாரு” என்று பஞ்சாலை எல்லோரையும் திட்டினாள். திட்டிவிட்டு, மூன்றாம் நாள் சாயங்காலம் அவளே போய் நல்லசாமி வீட்டு வாசலில் நின்றாள்.

அவர் மனைவி லெட்சுமி சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். பஞ்சாலைக்கு எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. கேட்டுவிட்டாள்.

“பெரியம்மா, பெரியப்பா செஞ்சது எதுனாச்சும் இருக்கா? ஒடஞ்சதா இருந்தாலும் பரவால்ல.”

“பின்னால ஒண்ணு கெடந்துச்சு தாயி. கோயில்ல கல்யாணத்துக்கு மிதிக்கறதுக்குன்னு செஞ்சு வச்சிருந்தாரு. கங்காணி நேத்துத்தான் தூக்கிட்டுப் போனாரு” என்றாள் லெட்சுமி. அவள் குரலில் கோபம் இல்லை, அதுதான் பஞ்சாலையை இன்னும் கூனிக் குறுக வைத்தது.

திரும்பி வரும் வழியெல்லாம் அழுதாள். தன் அப்பன் செத்த சேதி கடிதத்தில் வந்தபோதுகூட அவள் அப்படி அழவில்லை. நாற்பத்தொரு பேருக்கு அவர் கை வீட்டில் இருக்கிறது, எனக்கு மட்டும் ஒன்றும் இல்லையே என்று அழுதாள். வீட்டுக்குள் நுழைந்ததும் அடுப்படியில் அந்தக் கல் கண்ணில் பட்டது. மீன்முள் வரிசை அப்படியே இருந்தது. உளி பட்ட வெள்ளைப் பொடிகூட இன்னும் பள்ளங்களில் அப்பிக் கிடந்தது. கல் யாரோ செய்ததாக இருக்கட்டும், இந்தக் கொத்து அவருடையது, அதுவும் கடைசியாகக் கொத்தியது. வேறு யாருக்கும் இது கிடையாது. அவள் பெட்டியைத் திறந்து மஞ்சள் துணியை எடுத்துப் போர்த்தினாள்.

முதல் இரண்டு மூன்று நாள் அடுத்த வீட்டு வள்ளியம்மாவின் அம்மியில் போய் அரைத்துக்கொண்டாள். வள்ளியம்மா நல்லவள்தான், ஆனால் விசயம் தெரியாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. ஒரு நாள் நேராக வந்து துணியைத் தூக்கிப் பார்த்தாள். “அட, இன்னும் புதுசாட்டமே இருக்கு” என்று உள்ளங்கையை வைத்துத் தேய்த்தாள். பஞ்சாலை அந்தக் கையை ஓங்கித் தட்டிவிட்டாள். சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது.

“என்னடி பெரிய ஒசத்தி? எங்க வீட்டுலயும் அவரு செஞ்ச கல்லுதான். நான் துணி போட்டா மூடி வச்சிருக்கேன்?” என்று வள்ளியம்மா கிளம்பிப் போய்விட்டாள். போனவள் பேச்சையும் நிறுத்திவிட்டாள், அம்மியையும் நிறுத்திவிட்டாள். அப்போது ஆரம்பித்ததுதான் அர்ச்சுனனின் கிள்ளிப்போட்ட மிளகாய்க் குழம்பு.

பதினைந்தாம் நாள் மத்தியானம் லெட்சுமி வந்தாள். புருசன் செத்தவள் கருமாதிக்கு முன்னால் இன்னொரு வீட்டு வாசலை மிதிப்பது எங்கள் பக்கத்து வழக்கமில்லை. அதனால் வாசலுக்கு வெளியே, குரோட்டன் செடியோரம் நின்றே கூப்பிட்டாள். பஞ்சாலை ஓடி வந்தாள்.

“நாளைக்குக் காரியம். எம்பது பேருக்குச் சாப்பாடு, கங்காணி ஆடு குடுத்திருக்காரு. அரைக்கணும் பஞ்சால. ஒன் கல்லு வேணும்.”

பஞ்சாலை திரும்பி அடுப்படிப் பக்கம் பார்த்தாள்.

“எங்கிட்ட இருக்கற கல்லுலயே அரைக்கலாமேன்னு நெனப்ப. ஊருக்கெல்லாம் கொத்துனாரு, என் கல்ல ஒரு வருசமாக் கொத்தல. நாளைக்கு, நாளைக்கும்பாரு. அது கண்ணாடியாட்டம் கெடக்கு, மொகம் பாக்கலாம். மத்தவங்க கல்லும் அப்பிடித்தான். இந்தச் சுத்துல அவரு கொத்துனது ஒன் கல்லு ஒண்ணுதான். மொழுக்குக் கல்லுல எம்பது பேருக்கு அரைச்சா விடிஞ்சிரும், வெரலும் போயிரும்.”

எல்லோருக்கும் முன்னால் தன் வீட்டுக்கு வர வேண்டும் என்று சண்டை போட்டவள் பஞ்சாலையேதான்.

“பெரியம்மா, அரைச்சா தேஞ்சு போயிரும்.”

“தேயும்தான்.”

“எங்கிட்ட அவரு செஞ்சது வேற ஒண்ணும் இல்ல பெரியம்மா. இது ஒண்ணுதான்.”

லெட்சுமி அவள் தோளைப் பார்த்தாள். “ஒன் வலது தோளு இப்ப எப்பிடி இருக்கு?”

பஞ்சாலைக்குத் தூக்கிவாரிப் போட்டது. தோட்டத்துக்கு வந்த முதல் வருசம், இரண்டு வாளிப் பாலைக் காண்டாக் கம்பில் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து மேட்டிலிருந்து இறங்கும்போது சறுக்கி விழுந்தாள். வலது தோள் அன்றைக்குப் போனது போனதுதான். வேலைக்கு லாயக்கில்லை என்று மேற்பார்க்கிற மண்டோர் சீட்டைக் கிழித்துவிடுவானோ என்ற பயத்தில் புருசனைத் தவிர ஒருத்தரிடமும் அவள் மூச்சு விட்டதில்லை.

“ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“அவரு சொன்னாரு. மொதத் தடவை ஒன் கல்லக் கொத்த வந்தப்பவே. எடது பக்கம் பள்ளம், வலது பக்கம் அப்பிடியே நிக்குதாம். இந்தப் புள்ளைக்கு வலது கை அழுத்த மாட்டேங்குது, வெளிய சொல்லாம அரைச்சுக்கிட்டு இருக்குன்னாரு. அன்னையிலேருந்து ஒனக்கு மட்டும் தனிக் கணக்கு. வலது பக்கம் ஆழமா, நெருக்கமாக் கொத்தணும், லேசா வச்சாலும் அரைபடணும். எடது பக்கம் மேலாப்புல கொத்தணும். ஒரு கல்லுக்கு ரெண்டு கல்லு நேரம் ஆவும். நாங்கூடத் திட்டுவேன், கஞ்சி ஆறிப்போச்சுன்னு.”

பஞ்சாலை செடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கடைக் கல் லேசாக அரைகிறது என்று ஆறு வருசம் ஊரெல்லாம் பெருமையடித்தது அவள் வாய்தான். அந்த மனுசன் எதிரிலேயே எத்தனை தடவை சொல்லியிருப்பாள். ஒரு தடவையாவது, அது கல்லு இல்ல தாயி, என் கை என்று அவர் சொன்னாரா? இல்லை. துவையல் உருண்டையை வாயில் போட்டுக்கொண்டு, “ஆமா ஆமா, நல்ல கல்லு” என்றுதான் சொன்னார்.

“எங்கிட்டச் சொல்லவே இல்லையே பெரியம்மா. நான் ஒரு வார்த்தை... ஒண்ணுமே சொல்லலையே அவருகிட்ட.”

“அவரு எதையும் எதிர்பாத்து உளியப் புடிச்ச ஆளு இல்ல. இப்ப அரைக்கறியா இல்லையா, அதச் சொல்லு.”

பஞ்சாலை முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். உள்ளே போய் மஞ்சள் துணியை எடுத்து மடித்துப் பெட்டிமேல் போட்டாள். அர்ச்சுனனைக் கூப்பிட்டு, இரண்டு பேருமாக அம்மியைப் பிடித்து நகர்த்தி வாசலுக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். அவனுக்கு என்ன நடக்கிறது என்று விளங்கவில்லை. ஆனால் அரைக்கப் போகிறாள் என்பது விளங்கியது, அந்த மட்டில் அவனுக்குச் சந்தோஷம்.

கொத்தின கல்லில் எடுத்தவுடன் மசாலா அரைக்கக் கூடாது, பல்லில் மண் நெறிபடும். முதலில் ஒரு பிடி அரிசியும் உப்பும் போட்டு ஓட்டி, அந்த மாவைக் கொட்டிவிட வேண்டும். பஞ்சாலை குழவியைப் பிடித்தாள். ஒரு முறை உருட்டினாள். கரகரவென்ற சத்தத்தில் அவள் உடம்பே கூசியது. மாவு சாம்பல் நிறத்தில் வழிந்து வந்தது. அதை உள்ளங்கையில் வழித்தவள், கொட்ட மனசில்லாமல் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டாள்.

“கொட்டுடி” என்றாள் லெட்சுமி செடியோரத்திலிருந்து. “கல்லுத்தூள வச்சு என்ன செய்யப்போற? முப்பது வருசமா அவரு வேட்டியில, தலையில, காதுக்குள்ள எல்லாம் நான் தட்டிவிட்ட தூளு. வேணும்னா எங்க வீட்டுப் பாயில உதறுனா இன்னும் ஒரு படி வரும்.” சொல்லிவிட்டு அவளே அழுதாள். பதினைந்து நாளில் அவள் அழுது அன்றைக்குத்தான் பஞ்சாலை பார்த்தாள். இவளும் அழுதாள். அழுதுகொண்டே வாழையடியில் அந்த மாவைக் கொட்டிக் கையைக் கழுவினாள்.

அப்புறம் மிளகாய் வந்தது, மல்லி வந்தது, தேங்காய் வந்தது. லயத்துப் பெண்கள் ஒவ்வொருத்தியாக முறம் பாத்திரத்தோடு வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள். பஞ்சாலை ஒரு பங்கு அரைத்து எழுந்தால் இன்னொருத்தி உட்கார்ந்தாள். வள்ளியம்மா மட்டும் தன் வீட்டு வாசலிலேயே நின்று வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வள்ளி, வந்து உக்காரு.”

“என் கை பட்டாப் பரவால்லையா?”

“படாம எப்பிடி அரைப்ப? வா, கோவிச்சுக்காத. நான் செஞ்சது தப்புதான்.”

வள்ளியம்மா வந்தாள். அவள் பலசாலி, குழவியைப் பிடித்தால் கல்லே அதிரும். ஒவ்வொரு உருட்டலுக்கும் பஞ்சாலை குனிந்து கொத்தைப் பார்த்தாள். இருந்தாலும் நிறுத்தச் சொல்லவில்லை. பக்கத்தில் குந்தித் தண்ணீர் தெளித்துக்கொடுத்தாள். பொழுது சாய்வதற்குள் எண்பது பேருக்கு மசாலா உருண்டை உருண்டையாகக் குண்டானில் ஏறிவிட்டது. அம்மியைக் கழுவி நிமிர்த்தியபோது மீன்முள்ளின் இடது பக்கம் பாதிக்குமேல் மங்கியிருந்தது. வலது பக்கம் இன்னும் தெரிந்தது. அதுவும் நாளாவட்டத்தில் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும்.

மறுநாள் காலையில் ஆற்றங்கரையில் காரியம் முடித்துவிட்டு வந்து நல்லசாமி வீட்டில் படையல் போட்டார்கள். அவருக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு ஒரு கிண்ணத்தில், கறி ஒரு கிண்ணத்தில், அதோடு தேங்காய்த் துவையலில் ஒரு உருண்டை. துவையல் பஞ்சாலை தானாக அரைத்து எடுத்து வந்தது, யாரும் சொல்லவில்லை. கிராணியும் வந்தார், கனி ராவுத்தரும் வந்தார். ராவுத்தர் ஒரு வாய் துவையலை நாக்கில் வைத்துவிட்டு, “இது யாரு வீட்டு அம்மிலா?” என்று கேட்டார். “நல்லசாமி கொத்துனது” என்று மட்டும் அர்ச்சுனன் சொன்னான். சொல்லிவிட்டு மூன்றாவது முறை சோறு வாங்கினான்.

எல்லோரும் சாப்பிட்டு எழுந்து போன பிறகு பஞ்சாலை படையல் முன்னால் தனியாக நின்றாள். கும்பிடுவதற்கு இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கினாள். அரை நாள் அரைத்த கை, வலதும் இடதும் ஒன்றுபோல மேலே போனது. அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.

“பெரியப்பா,” என்றாள், “தோளு வலிக்கல.”